மானின் நாசியும் மனிதனின் மணமும்

உயிர்களை அவற்றின் அறிவுவகையால் பகுத்துரைத்த தொல்காப்பியனார், உடம்பினால் உற்றறிதலை முதலறிவாகவும், நாவினாற் சுவைத்தறிதலை இரண்டாவதாகவும், மூக்கினால் மோந்தறிதலை மூன்றாவதாகவும், கண்ணறிவையும் செவியறிவையும் முறையே நான்காவதும் ஐந்தாவதுமாகவும் வைத்து, மனவறிவு கூடிய மக்களை ஆறறிவுயிர் என்று முடித்தார். இந்த ஏணியில் ஏறி உச்சிக்கு வந்த நாம், நடுப்படியாகிய மூக்கைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணாற் கண்டதைச் சாட்சி என்கிறோம். செவியாற் கேட்டதைச் செய்தி என்கிறோம். மூக்கினால் அறிந்ததற்கு நம்மிடத்தில் யாதொரு மதிப்பும் இல்லை. ஒரு காலத்தில் மலரின் மணத்திற்கும் உரியதாயிருந்த 'நாற்றம்' என்னும் சொல், இன்று தீய வாடைக்கே உரியதாகித் தாழ்ந்துபோனதும் இந்த அலட்சியத்திற்கு ஓர் அடையாளம் போலும்.

மானுக்கோ முறை வேறு. அதற்குக் கண் ஐயுறும் உறுப்பு. செவி எச்சரிக்கும் உறுப்பு. மூக்கே தீர்ப்புச் சொல்லும் உறுப்பு. இதனை யான் நூலிற் கற்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த விஸ்கான்ஸின் மாநிலத்தில், மாடிஸன் நகரத்துப் பல்கலைக்கழகத்திலே கல்வியின் பொருட்டுச் சில காலம் தங்கியிருந்தபோது, ஞாயிறுதோறும் ஆலயத்தில் என்னருகே அமரும் முதிய உழவர் ஒருவர் எனக்கு நண்பரானார். அவருடைய பண்ணை அம்மாநிலத்தின் தென்மேற்கில், பழங்காலத்துப் பனிப்பாறைகள் படர்ந்து சமப்படுத்தாமல் விட்டுப்போன குன்றுகளுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் நடுவிலே இருந்தது. நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு வாரம் அவர் இல்லத்தில் விருந்தினனாயிருந்து, அவரும் அவருடைய பேரனும் வில்லேந்தி மான் வேட்டைக்குச் சென்றபோது யான் வில்லின்றி உடன் சென்றேன். அங்கே கண்டவற்றையும், அவை பற்றிப் பின்னர் அறிந்தவற்றையும் இங்கே எழுதத் துணிகிறேன்.

மான் வேட்டையைக் குறித்துக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. நம் காடுகளின் நிலைமைக்கு அது தக்கதே. அந்நாட்டின் நிலைமை வேறு. அங்கே வெண்வால் மான் என்னும் இனம், விலைக்கு இறைச்சி விற்போரின் துப்பாக்கியால் 1900-ஆம் ஆண்டையொட்டிச் சில லட்சங்களாகக் குறைந்து, பின்பு சட்டத்தினாலும் காவலினாலும் பெருகி, இன்று ஏறக்குறைய மூன்று கோடி என்று மதிப்பிடப்படுகிறது. அவற்றை அடக்கிவைத்த ஓநாய்களோ நாட்டின் பெரும்பகுதியில் அழிக்கப்பட்டன. ஆகவே மான்கள் வரம்பின்றிப் பெருகினால் இளமரக் கன்றுகளையும் பயிர்களையும் தின்று தீர்க்கும். சாலைகளிலே வண்டிகளின் முன் பாய்ந்து தாமும் மாண்டு மனிதரையும் மாய்க்கும். அரசாங்கம் உரிமைச்சீட்டுக் கொடுத்து, பருவமும் தொகையும் வரையறுத்து, வேட்டையை அனுமதிக்கிறது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் வரி, 1937-ஆம் ஆண்டின் சட்டப்படி, வனவிலங்குகளைப் பேணுவதற்கே செலவாகிறது. கொல்லும் கருவியிலிருந்தே காக்கும் பொருள் வருவது விந்தையாயினும் உண்மை.

இனி அம்மானைப் பற்றிச் சிறிது கூறுவேன். வாலின் அடிப்புறம் தூய வெண்மையாயிருத்தலால் அதற்கு அப்பெயர் வந்தது. அதன் பின்னங்கால்களின் மடிப்பிடத்தே உட்புறத்தில் மயிர்க்கற்றை மூடிய சுரப்பி ஒன்றுண்டு, குளம்பின் பிளவுக்கிடையே ஒன்று, கண்ணின் முன்மூலையில் ஒன்று, நெற்றியில் ஒன்று. இவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்தாணி என்னலாம். நடக்கும் ஒவ்வோரடியிலும் மான் தன் பெயரை மண்ணில் எழுதிச் செல்கிறது. இலையுதிர் காலத்தில், இணைசேரும் பருவம் நெருங்கும்போது, கலைமான் தாழ்ந்த கிளையொன்றின் கீழே நின்று, அதன் நுனியை நாவினால் நக்கி, நெற்றியினால் உராய்ந்து, அடியிலுள்ள மண்ணைக் குளம்பினாற் கீறி, தன் சிறுநீரைப் பின்னங்காற் சுரப்பிகளின்மேல் ஒழுகவிட்டு அந்த மண்ணில் விழச்செய்யும். பின்னர் அவ்வழி வரும் கலையும் பிணையும் அங்கே நின்று மோந்து, வந்தது யார், வலியனோ எளியனோ, எவ்வளவு நேரத்திற்கு முன் வந்தான் என்பவற்றையெல்லாம் அறிந்துகொள்ளுமாம். பிணையின் சிறுநீரை மோந்த கலை, கழுத்தை நீட்டி மேலுதட்டைச் சுருட்டி உயர்த்தி, மேலண்ணத்தையொட்டிய ஒரு தனியுறுப்பினால் அதனைச் சோதிக்கும். நம் ஊர்க் கிடாவும் காளையும் அவ்வாறு செய்வதை நாம் கண்டிருக்கிறோம். கண்டும், அது ஏதோ இளிப்பு என்று சிரித்திருக்கிறோம். இவ்வாறு ஓர் உயிர் வெளிவிட்டு அதன் இனத்தைச் சேர்ந்த மற்றோருயிரின் நடத்தையை மாற்றும் பொருள்களுக்கு, 1959-ஆம் ஆண்டில் பீட்டர் கார்ல்ஸன், மார்ட்டின் லூஷர் என்னும் இருவர் 'பெரொமோன்' என்று பெயரிட்டனர். பெயர் புதியது, வழக்கம் மானினத்தைப் போலவே பழையது.

இத்தகைய நாசியை வெல்ல வேட்டுவர் கையாளும் உபாயம் இருவகைப்படும். ஒன்று கவர்மணம், மற்றொன்று மறைமணம். வேட்கைகொண்ட பிணையின் சிறுநீரைச் சிறு குப்பியில் அடைத்து விற்பர். அதனைப் பஞ்சுத்திரியில் தோய்த்துக் கிளையில் தொங்கவிட்டால், அருகிலெங்கோ பிணை நிற்கிறதென்று மயங்கிக் கலை வரும் என்பது நம்பிக்கை. துணியில் தோய்த்து நிலத்தில் இழுத்துச் சென்று பொய்யான தடம் வகுப்போரும் உண்டு. கருவாலிக் கொட்டை, ஆப்பிள் முதலியவற்றின் மணங்களை உணவாசை காட்டும் பொருட்டு வைப்பாரும் உண்டு. இவை கவர்மணம். நரியின் சிறுநீரைப் பாதரட்சையின் அடியில் தடவுவதும், பைன் இலை, தேவதாரு, ஈரமண் முதலியவற்றின் சாரத்தை உடையில் தெளிப்பதும் மறைமணம். இவற்றோடு, மணமற்ற சவர்க்காரம், வியர்வையை அடக்கும் பொடி, கரித்தூள் பொதிந்த உடை ஆகியவையும் கடைகளிலே வரிசை வரிசையாய் அடுக்கப்பட்டிருக்கும். திருமணத்திற்கு வாசனைத் திரவியம் வாங்கும் வீட்டாரும் அவ்வளவு ஆராய்ந்து வாங்கார்.

விலங்கை வஞ்சித்துப் பிடிப்பது அந்நாட்டினர்க்கு மட்டும் உரிய புதுமையன்று. பழக்கிய மானைக் காட்டி மானைப் பிடித்தல் நம் முன்னோர் அறிந்ததே. அத்தகைய மானைப் 'பார்வை' என்று வழங்கினர். எயினர் குடிலின் முன்னே விளாமரத்து நிழலில் பார்வை மான் கட்டப்பட்டிருப்பதைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. ஃபுளோரிடாவின் பழங்குடிகள் மான்தோலைத் தலையோடு போர்த்துக்கொண்டு மானை அணுகும் காட்சி, தியடோர் டி பிரை என்பவர் 1591-ஆம் ஆண்டில் வெளியிட்ட செதுக்குப் படங்களில் ஒன்றாக உள்ளது. ஆயினும் இவை பெரும்பாலும் கண்ணை மயக்கும் வஞ்சனைகள். மூக்கை மயக்க முயல்வது அதனினும் கடினமான வேலை.

முதல் நாள் விடியுமுன் என்னை ஆயத்தப்படுத்தும் பொறுப்பைப் பேரன் ஏற்றுக்கொண்டான். பதினேழு வயதுப் பையன். தன் கையிருப்பு முழுவதையும் குப்பிகளில் செலவிட்டவன். மணமற்ற சவர்க்காரத்தால் இருமுறை நீராடச் செய்தான். பைன் இலைகளோடு பையிலிட்டுக் கட்டிவைத்த உடையை அணிவித்தான். தோற் செருப்பு மணத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்று ரப்பர்ச் சோடுகளைக் கொடுத்து, அவற்றின் அடியில் நரிநீரைத் தெளித்தான். முதியவரோ ஒன்றும் பேசாமல் என் தலையருகே குனிந்து மோந்து, "நண்பரே, உம்முடைய தலையில் இருப்பது என்ன எண்ணெய்?" என்றார். தேங்காயெண்ணெய் என்றேன். "இருமுறை கழுவியும் எனக்கே தெரிகிறது. நான் மனிதன், அதிலும் எழுபது வயதினன்," என்று புன்னகைத்தார். அதுவரையில் எனக்கென்று ஒரு மணம் உண்டென்பதை நான் எண்ணியதேயில்லை. எம் வீட்டு மணம் எமக்கு மணமாகத் தோன்றுவதில்லை. அது வெறுங் காற்றாகவே தோன்றுகிறது.

ஓடையை நோக்கி இறங்கும் சரிவிலே, ஒரு பெரிய கருவாலி மரத்தின்மேல் இருவர் அமரத்தக்க பரண் இருந்தது. முதியவரும் யானும் அதில் ஏறினோம். பேரன் எதிர்ச்சரிவில் வேறொரு பரணுக்குச் சென்றான். முதியவர் தம் சட்டைப் பையிலிருந்து காய்ந்த காயொன்றை எடுத்துப் பிளந்தார். அதனுள் பட்டுப்போன்ற பஞ்சிழைகள் அடுக்காயிருந்தன. பார்த்தவுடனே, எம் ஊர் வேலியோரத்து எருக்கங்காய் நினைவுக்கு வந்தது. பின்னர்க் கேட்டறிந்தபோது, உடைத்தாற் பால் வடியும் அச்செடி உள்ளபடியே எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அவர் ஓரிழையை விரலால் விடுத்தார். அது நேரே செல்லாமல், சற்றுத் தாழ்ந்து, சரிவின்வழியே ஓடைப்பக்கம் இறங்கி, அங்கே ஒரு முறை சுழன்று மறைந்தது. "நம் மணம் இப்பொழுது அங்கே இருக்கிறது. நம்மால் அதனைக் காண முடியாது, இந்தப் பஞ்சு காட்டிவிடும்," என்று மெல்லக் கூறினார்.

இரவிற் குளிர்ந்து கனத்த காற்று, விடியற்காலையில் பள்ளத்தை நோக்கி இறங்குகிறது. வெயில் ஏறினபின் அதுவே சூடேறி இலேசாகிச் சரிவின்வழியே மேலெழுகிறது. மாலையில் மறுபடியும் இறங்குகிறது. ஆகவே ஒரே பரண் காலையில் நல்லிடமாயும், நண்பகலிற் பயனற்றதாயும் ஆகிவிடும். வில்லினால் வேட்டையாடுவோர்க்கு மான் முப்பது கஜத்திற்குள் வந்தாலன்றி அம்பெய்தல் தகாது. அவ்வளவு அருகில் வரும் மானுக்கு நம் மணம் போகாதவண்ணம் இருப்பதே அக்கலையின் முக்காற் பங்கு. இவற்றையெல்லாம் அவர் ஒரு குப்பியையும் வாங்காமலே ஐம்பது ஆண்டுகளாய்க் கற்றிருந்தார்.

கதிரவன் எழுந்து சிறிது நேரத்தில் ஒரு பிணை வந்தது. உறைபனி படிந்த சருகின்மேல் அதன் குளம்பொலி எனக்குக் கேட்பதற்கு முன்னே அவர் என் முழங்கையைத் தொட்டுக் காட்டிவிட்டார். எங்களை நோக்கி நாற்பது கஜம் வரையில் நேரே வந்தது, நின்றது, தலையை உயர்த்திப் பார்த்தது. நாங்கள் அசையவில்லை. பின்பு அது நேரே வருவதை விட்டு, நாற்புறமும் பார்த்துக்கொண்டே வட்டமாய்ச் சுற்றி, காற்று எங்களிடமிருந்து வீசும் பக்கத்திற்குச் சென்றது. யாரோ ஒருவர் சொன்ன செய்தியை மற்றொருவரிடம் விசாரித்து உறுதிசெய்யும் மனிதரைப் போலிருந்தது அதன் நடை. அங்கே சென்றதும் ஒரு கணம் நின்றது. அடுத்த கணம் மூக்கினால் 'புஸ்' என்று உரக்கச் சீறி, முன்னங்காலால் நிலத்தை ஓங்கி உதைத்து, வெண்வாலைக் கொடிபோல் நிமிர்த்திப் பாய்ந்து மறைந்தது. முதியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அவள் உம்மையும் அறிந்தாள், என்னையும் அறிந்தாள், நம் காலில் இருக்கும் நரியையும் அறிந்தாள். இரண்டு மனிதரோடு ஒரு நரி மரமேறி அமர்ந்திருப்பதை அவள் இதற்குமுன் எங்கும் கண்டதில்லை."

நகைச்சுவையாகச் சொன்ன அச்சொல்லிலே முழு உண்மையும் அடங்கியிருக்கிறது. ஒரு மணத்தின்மேல் வேறொரு மணத்தைப் பூசினால், நமக்கு வலியது மெலியதை மறைப்பதாகத் தோன்றும். மோப்பத்தில் வல்ல பிராணிக்கோ அவை இரண்டும் இரண்டாகவே நிற்கும். மேலும், மனித மணம் ஒருமுறை கழுவினால் தீர்வதன்று. வியர்வையிற் பெரும்பகுதிக்குத் தன்னளவில் மணமில்லை. தோலில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும்போதே மணம் பிறக்கிறது. தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செதிள்கள் இடைவிடாது உதிர்ந்துகொண்டேயிருக்கின்றன, மூச்சும் ஓய்வதில்லை. கரித்தூள் பொதிந்த உடையணிந்தோரை மறைந்திருக்கச் செய்து, பழக்கிய தேடுநாய்களை விட்டுச் சோதித்த ஓர் ஆராய்ச்சி 2002-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வுடையணிந்தோரையும் நாய்கள் கண்டுபிடித்துவிட்டன. உயிரோடிருக்கும் மனிதன் மணமற்றிருத்தல் இயலாது என்பதே இவற்றின் முடிவு.

இவ்விடத்தில் வேதாகமத்தை வாசித்தவர்க்கு ஒரு பழைய வரலாறு நினைவிற்கு வரும். முதிர்வயதினால் கண்பார்வை மங்கிய ஈசாக்கு, தன் மூத்த மகனாகிய ஏசாவை அழைத்து, வில்லை எடுத்துக்கொண்டு சென்று வேட்டையாடிச் சுவையான உணவு சமைத்து வரும்படி கேட்டான். அதற்குள் ரெபெக்காள் வீட்டு வெள்ளாட்டுக் குட்டிகளைச் சமைத்து, இளையவனாகிய யாக்கோபின் கைகளிலும் கழுத்திலும் ஆட்டுத்தோலைப் போர்த்து, ஏசாவின் உடையை உடுத்தி அனுப்பினாள். கிழவனின் செவி ஐயுற்றது. குரல் யாக்கோபின் குரல் என்று அது சரியாகவே சொல்லிற்று. கை மயங்கிற்று. கடைசியில் மகனை அருகழைத்து முத்தமிட்டபோது, உடையினின்று எழுந்த வயல்வெளியின் மணம் எஞ்சிய ஐயத்தையும் போக்கிவிட்டது, ஆசீர்வாதமும் பிறந்தது. மறைமணத்தினால் நடந்த மிகப் பெரிய வேட்டை அது எனலாம். மனிதன் உடையை மோந்தான்; உள்ளிருப்பவனை மோக்கவில்லை. ஈசாக்கின் இடத்தில் ஒரு மான் இருந்திருப்பின், ஏசாவின் உடைக்குள் யாக்கோபும், யாக்கோபின்மேல் ஆடும் இருப்பதை ஒரே மூச்சில் அறிந்து எழுந்தோடியிருக்கும். அன்றியும், வஞ்சனையின் பலன் ஆசீர்வாதத்தோடு நின்றுவிடவில்லை. யாக்கோபு வீட்டைவிட்டு ஓடவேண்டியதாயிற்று. பிற்காலத்தில் அவன் பிள்ளைகள் வெள்ளாட்டுக் கடாவின் இரத்தத்தில் தோய்த்த அங்கியைக் கொண்டுவந்து அவனையே வஞ்சித்தார்கள்.

மறைமணம் மானை ஏமாற்றவில்லை என்பதோடு இவ்விஷயம் முடிந்திருந்தால், இதனை நகைப்புக்குரிய செய்தியாகவே விட்டிருப்பேன். கவர்மணத்தின் கதை அவ்வாறு நகைத்து விடத்தக்கதன்று. அன்று மாலை, பேரன் தன் பையிலிருந்து பிணைநீர்க் குப்பி ஒன்றை எடுத்து, மறுநாள் எதிர்ச்சரிவிலே தெளிக்கப்போவதாகச் சொன்னான். அதுவரையில் அவன் செய்தவற்றையெல்லாம் பொறுத்திருந்த முதியவர், "இது மட்டும் இந்த மண்ணில் விழக்கூடாது, மகனே," என்றார். "எல்லாரும் தெளிக்கிறார்களே, தாத்தா! ஒரு சொட்டினால் என்ன?" என்று அவன் கேட்டான். அவர் உடனே மறுமொழி கூறவில்லை. எழுந்து சென்று குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். நவம்பரில் அவ்வீட்டில் மான் இறைச்சி நிறைந்திருக்க வேண்டிய பெட்டி அது. வெறுமையாயிருந்தது.

முந்திய ஆண்டில் அவர் எய்த கலை கொழுத்து, மயிர் பளபளத்து, யாதொரு குறையுமின்றி இருந்ததாம். அப்பகுதி வழக்கப்படி அதன் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். நோய் உண்டென்று முடிவு வந்தது. ஐம்பது ஆண்டுகளாகத் தம் மக்களுக்கும் பேரர்க்கும் தம் கையால் அறுத்துக் கொடுத்த உணவை அவ்வாண்டு முழுவதும் எடுத்தெறிந்துவிட்டார்.

அந்நோய்க்கு நாட்பட்ட மெலிவு நோய் என்று பெயர் கூறலாம். 1967-ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்திலே, ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்த்த மான்களிடத்தில் அது முதலில் காணப்பட்டது. விஸ்கான்ஸினில் 2002-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அந்நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உள்ளது. 2016-ஆம் ஆண்டில் கடல் கடந்து நார்வே நாட்டின் கலைமான் கூட்டத்திலும் தென்பட்டது. அதற்குக் காரணம் கிருமியன்று. உருமாறிய ஒரு புரதம். இத்தகைய புரதத்திற்கு ஸ்டான்லி புரூஸினர் என்பவர் 1982-ஆம் ஆண்டில் 'பிரையான்' என்று பெயரிட்டார்; அவ்வாராய்ச்சிக்காக 1997-ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். அப்புரதம் மூளையிற் புகுந்து, தன்னையொத்த நல்ல புரதங்களையும் தன்னைப்போல் உருத்திரித்து, மூளையைக் கடற்பஞ்சுபோல் துளைத்துவிடுகிறது. நோய் பற்றிய மான் ஓராண்டுக்கு மேலும் நலமுற்றதுபோல் உலவும். உலவும் காலத்திலேயே உமிழ்நீரிலும் சாணத்திலும் சிறுநீரிலும் நஞ்சை வெளிவிட்டுக்கொண்டிருக்கும். பின்பு உடல் மெலிந்து, தலை தாழ்ந்து, வாய்நீர் ஒழுக இறக்கும். மருந்தில்லை, தடுப்பில்லை, பிழைத்தது ஒன்றுமில்லை. மண்ணில் விழுந்த பிரையான் களிமண்ணோடு பற்றிக்கொண்டு பல்லாண்டு வலிகுன்றாமல் கிடக்கும். மனிதரை அது பற்றியதாக இதுவரை அறியப்படவில்லை. ஆயினும் நோயுற்ற மானை உண்ணலாகாதென்று சுகாதார அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள்.

குப்பியிலுள்ள பிணைநீர் எங்கிருந்து வருகிறது? காட்டுமானைத் தொடர்ந்து சென்று எவரும் ஏந்துவதில்லை. பண்ணைகளிலே மான்களை அடைத்துவைத்து, கம்பித்தளத்தின் கீழே வடிவதைச் சேகரிக்கிறார்கள். அதிற் சாணமும் உமிழ்நீரும் கலவாமலிருத்தல் அரிது. பல மான்களின் நீர் ஒன்றாகி, பல்லாயிரம் குப்பிகளாகப் பிரிந்து, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள காடுகளின் மண்ணிற் சென்று விழுகிறது. அதனால் வரும் அபாயம் சிறிதென்று வாதிப்போர் உண்டு. சிறுநீரிலுள்ள நஞ்சின் அளவு குறைவு என்பதும் மெய்யே. ஆயினும், விழுந்தபின் திரும்ப எடுக்கமுடியாத ஒன்றைச் சிறிதென்று சொல்லி விழவிடுவது விவேகமாகாது. இதனை எண்ணியே வர்ஜீனியா மாநிலம் 2015-ஆம் ஆண்டு முதல் மானின் இயற்கை நீரை வேட்டைக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. வேறு சில மாநிலங்களும் அவ்வாறே செய்தன. இரசாயனசாலையில் கூட்டிய செயற்கை மணங்களை அதற்கீடாக விற்கிறார்கள். அவற்றால் நோய்ப்பயம் இல்லை. வேட்டுவனுக்குக் காற்றை அறியும் அறிவும் அவற்றால் வருவதில்லை.

அந்த மாடிஸன் பல்கலைக்கழகத்திலேயே 1933-ஆம் ஆண்டில், வேட்டை விலங்குகளைப் பேணும் கலைக்கென்று ஏற்பட்ட பேராசிரியப் பதவியை முதன்முதல் வகித்தவர் ஆல்டோ லியோபோல்ட். அவர் தாமும் வேட்டுவர். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1949-இல் வெளிவந்த அவருடைய நூலில், வேட்டைக்குச் செல்வோர் கடைச்சரக்குகளை உடம்பெங்கும் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, காட்டில் வாழும் திறமையை அவற்றிற்கு விற்றுவிடுவதைக் குறித்து வருந்தியிருக்கிறார். கருவிகளை முழுவதும் வெறுத்தவரல்லர் அவர்; எந்த இடத்தில் கருவி திறமைக்குத் துணையாவதை விட்டு அதன் இடத்தையே பற்றிக்கொள்கிறது என்பதை ஆராய்ந்தவர். முதிய உழவர் அந்நூலை வாசித்தாரோ என்று நான் கேட்கவில்லை. அவர் பையில் இருந்த எருக்கினத்துக் காய் ஒரு காசும் பெறாதது. அது மானிடம் பொய் சொல்வதற்கன்று, தமக்குத்தாமே பொய் சொல்லாதிருப்பதற்கு.

பேரன் அன்றிரவு நெடுநேரம் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான். அதன் விலை அவனுக்குச் சிறியதன்று. கடையிற் கேட்ட வீரக்கதைகளும் அவன் காதில் ஒலித்துக்கொண்டிருந்திருக்கும். காலையில் பாட்டனாரிடம் ஒரு காயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதனைப் பிளந்து இழை இழையாய் விட்டுப் பார்த்து, தன் பழைய பரணுக்குச் செல்லாமல், ஓடைக்கு அப்பால் காற்றுக்கு எதிர்முகமாய் வேரோரத்தில் அமர்ந்தான். அன்று ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை, இருபது கஜத்தில் ஒரு கலை அவனுடைய இருப்பையே அறியாமல் கடந்து சென்றது. அவன் எய்த அம்பு பிழைக்கவில்லை. மானின் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, இறைச்சியைத் தனியே கட்டிக் குறிப்பெழுதி வைத்தார்கள். நான் மாடிஸனுக்குத் திரும்பினேன். இரண்டு வாரம் கழித்து, நோயில்லை என்று முடிவு வந்ததாக முதியவர் எழுதியிருந்தார். எனக்குரிய பங்கையும் அனுப்பியிருந்தார்.

நம் மாணவர் மான் வேட்டைக்குச் செல்லப் போவதில்லை. ஆயினும் அவர்களிற் பலர் பிற நாடுகளுக்கும் பிற மக்கள் நடுவிலும் செல்லப் போகிறவர்கள். அங்கே தம் ஊர்மணம் பிறர்க்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, அதன்மேல் வேறொன்றைப் பூசிக்கொள்ளும் ஆசை பிறக்கும்; அவ்வாறு பூசித் தருவதற்குக் கடைகளும் உண்டு. பூசியவனுக்கு அது மறைந்துவிட்டதாகவே தோன்றும். எதிரில் நிற்பவர்க்கோ, மரமேறிய நரியைப் போல், இரண்டும் தெரியும். பூச்சு வேண்டியதில்லை. தன் மணம் இன்னதென்றும், அது காற்றுவாக்கில் எவரைச் சென்று சேர்கிறதென்றும் அறிந்து, அதற்கேற்ப நிற்கக் கற்றுக்கொண்டால் போதும். அன்றியும், நாம் வெற்றிக்காகத் தெளிக்கும் எதுவும் அன்றைய வேட்டையோடு தீர்ந்துபோவதில்லை. நமக்குப் பின்வருவோர் நடக்கும் மண்ணிலே அது தங்கியிருக்கிறது. மான்கள் அந்த மண்ணைத்தான் மேய்கின்றன.